போர்ட்டெய்னர் போடறது எப்படி: டாக்கர் கன்டெய்னர்களை பிரவுசர்லயே பாத்துக்க முழு வழிகாட்டி

டாக்கர் ஓரளவு தெரியும், ஆனா கன்டெய்னர் பத்து தாண்டினதும் எது ஓடுது எது செத்துக் கிடக்குன்னு டெர்மினல்ல தேடித்தேடி அலுத்துப்போச்சு, அப்படிங்கறவங்களுக்கு இது. போர்ட்டெய்னரோட இலவச கம்யூனிட்டி எடிஷனை ஒரு லினக்ஸ் சர்வர்ல போட்டு, பூட்டி, அதுலயே ஆப்ஸ் ஓட்டி, அப்டேட் பண்ற வரைக்கும் வரிசையா சொல்றேன்.

இன்ஸ்டால் பண்றது ரெண்டே கமாண்டு தான். நான் பக்கத்துல உக்காந்து பாத்தவரைக்கும் புதுசா வர்றவங்க அந்த ரெண்டு கமாண்டுல மாட்டறது கம்மி. முன்னாடியே முடிவு பண்ணாம விட்ட ரெண்டு விஷயத்துல தான் மாட்டறாங்க: இதோட டேட்டா எங்க உக்காரப்போகுது, இந்த போர்ட்டுக்கு யாரெல்லாம் வரமுடியும். அதனால கமாண்டு நாலாவது படில தான் வருது, அவசரப்பட்டு அங்க தாவிடாதீங்க.

கமாண்டை எல்லாம் உச்சரிப்பு மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அதே வார்த்தைங்களை ஆங்கில சின்ன எழுத்துல அடிங்க. பெரிய எழுத்து வேணும்னா அந்த இடத்துலயே சொல்லிடறேன்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்க வேண்டியது

உபுண்டு இல்லன்னா டெபியன் ஓடற ஒரு மெஷின், அதுல சூடோ உரிமை இருக்கற ஒரு யூசர், எஸ்எஸ்ஹெச் வழியா உள்ள போற வசதி. வீட்ல கிடக்கற பழைய லேப்டாப்பும் சரி, 64 பிட் ஓஎஸ் போட்ட ராஸ்பெர்ரி பையும் சரி, மாச வாடகைக்கு எடுத்த விபிஎஸ்சும் சரி.

டாக்கரை அதோட அதிகாரபூர்வ ரெப்போல இருந்து ஏபிடி மூலமா போட்டிருக்கணும். இங்கயே ஒரு பொறி இருக்கு. உபுண்டு சர்வர் இன்ஸ்டால் பண்ணும்போது கடைசில ஒரு பட்டியல் காட்டும், அதுல டாக்கர்னு ஒண்ணு இருக்கும், ஆஹான்னு டிக் அடிச்சிடுவாங்க. அது ஸ்னாப் பேக்கேஜ். அது தன்னை ஒரு வேலிக்குள்ள அடைச்சு வெச்சுக்கறதால சர்வர்ல இருக்கற எல்லா ஃபோல்டரையும் அதால பாக்க முடியாது, பின்னாடி ஒரு ஃபோல்டரை மவுண்ட் பண்ணும்போது காலியா தெரியும், காரணமே புரியாம ஒரு ராத்திரி போயிடும். ஸ்னாப் லிஸ்ட்னு அடிச்சுப் பாருங்க. டாக்கர் அதுல இருந்தா, உள்ள இன்னும் எதுவும் ஓடலன்னா இப்பவே தூக்கிட்டு சரியானதைப் போடுங்க.

அடுத்து இதை ஓட்டுங்க:

டாக்கர் ரன் ஹலோ-வேர்ல்டு

வாழ்த்துச் செய்தி வந்தா டாக்கர் நல்லா இருக்குன்னு அர்த்தம். இதைத் தாண்டி குதிச்சுட்டு நேரா போர்ட்டெய்னருக்குப் போனா, அப்புறம் வர்ற எரர் டாக்கரோடதா போர்ட்டெய்னரோடதான்னே தெரியாது.

பெர்மிஷன் டினைடுன்னு வந்தா உங்க யூசர் டாக்கர் குரூப்ல இல்ல. சூடோ யூசர்மாட் -ஏஜி டாக்கர், அப்புறம் உங்க யூசர் பேர். இதுல -ஏஜில ஏ சின்னது, ஜி பெரிய எழுத்து, அந்த ஏ-வை விட்டுட்டா இருக்கற மத்த குரூப்ல இருந்தெல்லாம் உங்களைத் தூக்கிடும், சூடோ குரூப்பும் சேத்து. பண்ணி முடிச்சதும் லாக்அவுட் ஆகி திரும்ப உள்ள வாங்க, இல்லன்னா மாறினது தெரியாது. சேத்துட்டேனே இன்னும் அதே எரர் வருதேன்னு கேக்கறவங்க பெரும்பாலும் இந்த லாக்அவுட்டைத் தான் மறந்திருப்பாங்க.

2. நீங்க யார் கைல என்ன சாவி குடுக்கறீங்க

போர்ட்டெய்னரே ஒரு கன்டெய்னர் தான். அது டாக்கர் கூட பேசறது /வார்/ரன்/டாக்கர்.சாக் அப்படிங்கற சாக்கெட் ஃபைல் வழியா. நீங்க டெர்மினல்ல டாக்கர் பிஎஸ் அடிச்சாலும் அதே வழி தான்.

அந்த சாக்கெட் கைல இருக்கறவங்க, சர்வரோட முழு டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள்ள மவுண்ட் பண்ணி ரூட்டா உள்ள போய் என்ன வேணா பண்ணலாம். அதாவது போர்ட்டெய்னரோட அட்மின் பாஸ்வேர்டு உங்க சர்வரோட ரூட் பாஸ்வேர்டுக்குச் சமம். சும்மா ஒரு டாஷ்போர்டு தானேன்னு நினைச்சு சின்ன பாஸ்வேர்டு வெக்கறதும், குரூப்ல பத்து பேருக்கு அனுப்பறதும் வேண்டாம்.

சில பேர் சாக்கெட்டை ரீட்-ஒன்லியா மவுண்ட் பண்ணிட்டா சேஃப்னு நினைக்கறாங்க. அது அந்த ஃபைலை அழிக்காம தான் தடுக்கும், அது வழியா போற கட்டளை எதையும் தடுக்காது. ஆக அது வெறும் மன ஆறுதல்.

3. போர்ட்டை இப்பவே முடிவு பண்ணுங்க

போர்ட்டெய்னருக்கு மூணு போர்ட் உண்டு. 9443 தான் ஹெச்டிடிபிஎஸ், நமக்கு வேண்டியது இது. 9000 பழைய ஹெச்டிடிபி, நீங்க அடிக்கற பாஸ்வேர்டு மறைக்கப்படாம அப்படியே நெட்ல போகும். 8000 எட்ஜ் ஏஜென்ட்டுக்கான டன்னல், எங்கயோ ஒரு நெட்வொர்க்குக்குப் பின்னாடி இருக்கற மெஷின்களை இணைக்க. பழைய டுடோரியல்ல மூணையும் திறந்து விட்டிருப்பாங்க, அதைப் பாத்து நாமளும் 8000ஐ திறப்போம், அடுத்த நாள் ஜாங்கோ ஆப்பை ஓட்டப்போனா போர்ட் ஏற்கனவே யூஸ்ல இருக்குன்னு கத்தும். எட்ஜ் வேணாம்னா 8000 வேணாம்.

இப்ப முக்கியமான விஷயம், இதுல ரொம்ப அனுபவம் இருக்கறவங்களும் விழறாங்க. யூஎஃப்டபிள்யூ (உபுண்டுல வர்ற ஃபயர்வால்) போட்டு எஸ்எஸ்ஹெச்சுக்கான 22ஐ மட்டும் திறந்து வெச்சிருக்கேன், மத்ததெல்லாம் மூடியாச்சுன்னு நிம்மதியா இருப்பாங்க. டாக்கர் ஒரு போர்ட்டை வெளில பப்ளிஷ் பண்ணும்போது ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட நெட்வொர்க் ரூல் பட்டியல்) தன்னோட ரூலை தானே எழுதிக்கும், அந்த பாக்கெட் யூஎஃப்டபிள்யூ ரூல்ஸ் கிட்ட வர்றதுக்கு முன்னாடியே திசை மாறிப் போயிடும். யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்ல மூடியிருக்குன்னு காட்டும், வெளில இருந்து பாத்தா திறந்து கிடக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி மூணு மாசம் அப்படி வெச்சிருந்தான், மொபைல் நெட்ல இருந்து ஐபியை அடிச்சுக் காட்டினப்போ தான் முகம் மாறுச்சு.

அதனால உங்க நிலைமை எதுன்னு பாருங்க.

வீட்டு ரவுட்டருக்குப் பின்னாடி இருக்கற மெஷின், போர்ட் ஃபார்வர்டிங் எதுவும் பண்ணல, வைஃபைல இருக்கறவங்க நம்ம ஆளுங்க: 9443ஐ அப்படியே திறக்கலாம்.

விபிஎஸ், பப்ளிக் ஐபி: 127.0.0.1க்கு (சர்வர் தன்னையே குறிக்கற அட்ரஸ்) மட்டும் கட்டுங்க. வெளில இருந்து யாருக்கும் தெரியாது, நீங்க எஸ்எஸ்ஹெச் டன்னல் (எஸ்எஸ்ஹெச் கனெக்ஷனுக்குள்ளயே போற தனி வழி) வழியா போவீங்க. கீழ நான் எழுதற கமாண்டு இந்த வகை தான்.

டொமைன் பேர்லயே திறக்கணும்னா ரிவர்ஸ் ப்ராக்ஸி, அதாவது முன்னாடி நின்னு ரிக்வெஸ்ட்டை வாங்கி உள்ள அனுப்பற சர்வர். அதையும் முதல்ல 127.0.0.1ல போட்டு ஓடவெச்சுட்டு அப்புறம் செய்யலாம், எட்டாவது படில இருக்கு.

உங்க விபிஎஸ் கம்பெனி அவங்க பேனல்ல தனியா ஒரு ஃபயர்வால் குடுத்திருந்தா அது வேலை செய்யும், ஏன்னா அது உங்க சர்வருக்கு வெளிலயே நின்னு தடுக்குது. ரெண்டும் சேந்து இருக்கட்டும்.

4. வால்யூம், அப்புறம் தான் ரன்

முதல் கமாண்டு:

டாக்கர் வால்யூம் கிரியேட் போர்ட்டெய்னர்_டேட்டா

போர்ட்டெய்னரோட யூசர், செட்டிங்ஸ், நீங்க எழுதற ஸ்டாக் (ஏழாவது படில வருது) எல்லாம் /டேட்டா ஃபோல்டர்ல ஒரு சின்ன டேட்டாபேஸ் ஃபைலாவும் சில ஃபோல்டராவும் இருக்கும். அது கன்டெய்னருக்கு வெளில, பேர் வெச்ச ஒரு வால்யூம்ல (டாக்கர் தனியா பாத்துக்கற சேமிப்பு இடம்) இருந்தா தான் நாளைக்கு கன்டெய்னரை அழிச்சு புதுசு போட்டாலும் எல்லாம் அப்படியே இருக்கும். இதை விட்டுட்டும் போர்ட்டெய்னர் சந்தோஷமா ஓடும், ஒரு எரரும் வராது. முதல் அப்டேட் அன்னிக்கு தான் எல்லாம் துடைச்சுப்போட்ட மாதிரி வெறும் அட்மின் பக்கம் வந்து நிக்கும்.

ரெண்டாவது கமாண்டு, ஒரே வரில:

டாக்கர் ரன் -டி -பி 127.0.0.1:9443:9443 --நேம் போர்ட்டெய்னர் --ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் -வி /வார்/ரன்/டாக்கர்.சாக்:/வார்/ரன்/டாக்கர்.சாக் -வி போர்ட்டெய்னர்_டேட்டா:/டேட்டா போர்ட்டெய்னர்/போர்ட்டெய்னர்-சிஇ:எல்டிஎஸ்

இன்னும் என்டர் தட்டாதீங்க, அஞ்சாவது படியைப் படிச்சுட்டு தட்டுங்க. அதுக்குள்ள ஒவ்வொரு துண்டும் எதுக்குன்னு பாத்துடலாம்.

-டி பின்னணில ஓட்டும். ரீஸ்டார்ட் ஆல்வேஸ் இருந்தா சர்வர் ரீபூட் ஆனாலும் தானா எழுந்துக்கும். சாக் அப்படிங்கறது எஸ் ஓ சி கே, நாலே எழுத்து, பழக்க தோஷத்துல சாக்கெட்னு முழுசா அடிக்கறவங்க உண்டு. அப்படி அடிச்சா டாக்கர் எரர் குடுக்காது, இல்லாத பேர்ல ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி மவுண்ட் பண்ணிடும், போர்ட்டெய்னர் திறக்கும் ஆனா உங்க கன்டெய்னர் ஒண்ணும் தெரியாது.

இமேஜ் பேர்ல அந்த சிஇ (கம்யூனிட்டி எடிஷன்) முக்கியம். சிஇ இல்லாத வெறும் போர்ட்டெய்னர்/போர்ட்டெய்னர் பழைய 1.எக்ஸ் காலத்து இமேஜ், அதைக் கைவிட்டு ரொம்ப நாளாச்சு. தேடினா முதல்ல வர்ற பல வீடியோல இன்னும் அதே தான் இருக்கு. எல்டிஎஸ் டேக் நீண்ட காலம் சப்போர்ட் பண்ற வெர்ஷன், தினசரி வேலைக்கு அது போதும்.

ஃபெடோரா மாதிரி எஸ்இலினக்ஸ் (லினக்ஸோட கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) இயங்கற சிஸ்டம்னா --பிரிவிலெஜ்டு சேக்கணும், இல்லன்னா சாக்கெட்டைத் தொட விடாது. உபுண்டு, டெபியன்ல அது தேவையில்ல.

இந்தக் கமாண்டை அப்படியே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஃபைலா சேவ் பண்ணி வெச்சுக்கோங்க. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதே கமாண்டு ஒரு எழுத்து மாறாம வேணும், ஆறு மாசம் கழிச்சு ஹிஸ்டரில தேடினா கிடைக்காது.

5. டன்னல், என்டர், அஞ்சு நிமிஷம்

போர்ட்டெய்னர் முதல் தடவை எழுந்ததும் அட்மின் அக்கவுன்ட் உருவாக்க அஞ்சு நிமிஷம் தான் குடுக்கும். தாண்டிட்டா தன்னை மூடிக்கும். காரணம் நியாயமானது: அட்மின் இல்லாம திறந்து கிடந்தா முதல்ல வர்றவன் தான் அட்மின், நாம பாத்த மாதிரி அவனே சர்வருக்கு ரூட்.

அதனால கன்டெய்னரை ஓட்டறதுக்கு முன்னாடியே வழியைத் திறந்து வெச்சுக்கணும். உங்க லேப்டாப்ல தனியா ஒரு டெர்மினல் திறந்து:

எஸ்எஸ்ஹெச் -எல் 9443:127.0.0.1:9443 உங்கயூசர்@சர்வர்ஐபி

இங்க எல் பெரிய எழுத்து. சின்ன எழுத்துல அடிச்சா அது வேற ஆப்ஷன், யூசர் பேர் குடுக்கறதுக்கானது, கமாண்டு என்னமோ ஒண்ணு சொல்லிட்டு நின்னுடும். இந்த விண்டோவை மூடாம வைங்க, மூடினா வழியும் மூடிடும்.

இப்ப சர்வர்ல போய் அந்த ரன் கமாண்டுக்கு என்டர் தட்டுங்க. டாக்கர் பிஎஸ் அடிச்சு ஸ்டேட்டஸ் அப் அப்படின்னு இருக்கான்னு பாருங்க. உடனே லேப்டாப் பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட்:9443, முன்னாடி ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம் அடிக்கணும். ஹெச்டிடிபின்னு போனா, ஹெச்டிடிபிஎஸ் சர்வருக்கு ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கேன்னு ஒரு வரி மட்டும் வெள்ளைப் பக்கத்துல வரும், இன்ஸ்டாலே தப்பாயிடுச்சுன்னு நினைச்சு மொத்தத்தையும் அழிச்சவங்களை பாத்திருக்கேன். ஒண்ணும் தப்பில்ல, கடைசி எஸ் மட்டும் தான் காணோம்.

பிரவுசர் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், போர்ட்டெய்னர் தானே கையெழுத்து போட்ட சர்ட்டிஃபிகேட்னால. நம்ம டன்னல் வழியா நம்ம சர்வருக்கே போறோம், தாண்டிப் போகலாம். இதே எச்சரிக்கையை பேங்க் சைட்ல பாத்தா தாண்டிடாதீங்க, அது வேற கதை.

பாஸ்வேர்டு குறைஞ்சது 12 எழுத்து கேக்கும். யூசர் பேர் அட்மின்னு இருக்கும், அதையும் மாத்திக்கலாம். பாஸ்வேர்டு மேனேஜர்ல போட்டு வைங்க.

நடுவுல போன் வந்து பேசப்போய் அஞ்சு நிமிஷம் தாண்டிடுச்சுன்னா, டைம்அவுட் ஆச்சுன்னு ஒரு பக்கம் வரும். டாக்கர் ரீஸ்டார்ட் போர்ட்டெய்னர், அவ்ளோ தான், மறுபடியும் அஞ்சு நிமிஷம். அழிச்சுட்டு திரும்பப் போடத் தேவையில்ல.

6. உள்ள வந்ததும்

லோக்கல்னு ஒரு என்விரான்மென்ட் தெரியும், அது இதே சர்வர். கிளிக் பண்ணினா கன்டெய்னர்ஸ், இமேஜஸ், வால்யூம்ஸ், நெட்வொர்க்ஸ் எல்லாம் வரிசையா இருக்கும். சுத்திப் பாத்தாலே புரிஞ்சுடும், ரெண்டு இடம் மட்டும் சொல்றேன்.

கன்டெய்னர் பட்டியல்ல போர்ட் நம்பர் லிங்க்கா இருக்கும், கிளிக் பண்ணினா 0.0.0.0ன்னு ஒரு அட்ரஸ் திறந்து ஒண்ணும் வராது. என்விரான்மென்ட்ஸ் போய் லோக்கலைத் திறந்து பப்ளிக் ஐபி இடத்துல சர்வரோட ஐபியைப் போடுங்க, லிங்க் சரியாயிடும். அந்த பப்ளிக் அப்படிங்கற வார்த்தையைப் பாத்து பயப்பட வேண்டாம், இது லிங்க்குக்காக மட்டும், எதையும் வெளில திறக்காது.

கன்சோல் பட்டனை அழுத்தினா ஷெல் எதுன்னு கேக்கும், முதல்ல பாஷ் இருக்கும். ஆல்பைன் அடிப்படைல செஞ்ச சின்ன இமேஜ்ல பெரும்பாலும் பாஷ் இருக்காது, அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு எரர் வரும். எஸ்ஹெச்ஐ தேர்ந்தெடுங்க.

7. ஸ்டாக்: முக்கால்வாசி நேரம் இங்க தான் போகும்

தனித்தனியா கன்டெய்னர் உருவாக்கற ஃபார்ம் ஒண்ணு இருக்கு, அதைத் தொடாம இருக்கறது நல்லதுன்னு நான் சொல்வேன். பத்து பெட்டில என்ன அடிச்சோம்னு அடுத்த வாரம் நமக்கே ஞாபகம் இருக்காது. ஸ்டாக்னா கம்போஸ் ஃபைல், அதாவது எந்தெந்த கன்டெய்னர் எப்படி ஓடணும்னு எழுதி வெச்ச ஃபைல், எழுதினது எழுதின இடத்துலயே இருக்கும், காப்பி எடுத்து வேற சர்வர்லயும் ஒட்டலாம்.

ஸ்டாக்ஸ் போய் ஆட் ஸ்டாக், பேர் குடுங்க, வெப் எடிட்டர்ல கம்போஸை ஒட்டுங்க. பேர் சின்ன எழுத்துல மட்டும், நடுவுல இடைவெளி கூடாது. கம்போஸ் யாமல் ஃபார்மட், தள்ளி எழுத ஸ்பேஸ் மட்டும் தான் யூஸ் பண்ணணும், டேப் விழுந்தா ஒத்துக்காது. வேர்டுல எழுதி ஒட்டினா மேற்கோள் குறியெல்லாம் வளைஞ்சு வந்து அதுவும் சொதப்பும்.

ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை வெச்சு சொன்னா எல்லா பொறியும் ஒரே இடத்துல தெரியும். சர்வீஸ் பேர் டிபி, இமேஜ் போஸ்ட்கிரெஸ்:16, என்விரான்மென்ட்ல போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்டு (இது முழுக்க பெரிய எழுத்து), வால்யூம்ஸ்ல டிபிடேட்டா அப்படின்னு ஒரு பேர் வெச்ச வால்யூம், அதை /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/டேட்டால மவுண்ட். போர்ட் எதுவும் பப்ளிஷ் பண்ணாதீங்க. அதே ஸ்டாக்ல இருக்கற ஆப், டிபிங்கற பேரையே ஹோஸ்ட்டா வெச்சு பேசிக்கும், 5432ஐ ஊருக்குத் திறக்க எந்த அவசியமும் இல்ல.

முதல் பொறி: ./டேட்டா மாதிரி புள்ளில ஆரம்பிக்கற பாத். டெர்மினல்ல கம்போஸ் ஓட்டினா அது ஃபைல் இருக்கற ஃபோல்டரைக் குறிக்கும், வெப் எடிட்டர்ல ஃபைல் இருக்கறதே போர்ட்டெய்னர் கன்டெய்னருக்குள்ள, /டேட்டா/கம்போஸ் அப்படின்னு ஒரு இடத்துல. அதே பாத்தை டாக்கர் உங்க சர்வர்ல தேடும், இல்லன்னா புதுசா உருவாக்கும். ஆக உங்க டேட்டா சர்வரோட ரூட்ல, நீங்க கேள்விப்படாத ஒரு /டேட்டா/கம்போஸ்/1 ஃபோல்டர்ல போய் உக்காந்திருக்கும், இல்லன்னா நீங்க வெச்ச கான்ஃபிக் ஃபைல் காலி ஃபோல்டரா உள்ள தெரியும். ஸ்லாஷ்ல ஆரம்பிக்கற முழு பாத் குடுங்க, இல்ல பேர் வெச்ச வால்யூம் வைங்க.

ரெண்டாவது: பாஸ்வேர்டை கம்போஸ்லயே எழுதறது. எடிட்டருக்குக் கீழ என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்னு இடம் இருக்கு, அங்க போட்டுட்டு கம்போஸ்ல டாலர் குறி, வளைவு அடைப்புக்குள்ள பேர்னு கூப்பிடுங்க. நிறைய இருந்தா சர்வீஸ்ல என்வ்_ஃபைல்னு போட்டு ஸ்டாக்.என்வ் அப்படிங்கற பேரைக் குடுத்தா போதும், போர்ட்டெய்னர் நீங்க அடிச்சதை எல்லாம் அந்தப் பேர்ல ஃபைலா வெச்சுக்கும். டாட் என்வ்னு பழக்கத்துல எழுதினா ஃபைலே இல்லன்னு சொல்லும்.

மூணாவது, எத்தனை தடவை பாத்தாலும் பாவமா இருக்கற ஒண்ணு: ஒரு தடவை ஓடினதுக்கு அப்புறம் போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு வேரியபிளை மாத்தி அப்டேட் குடுத்துட்டு, புது பாஸ்வேர்டுல உள்ள போக முடியலயேன்னு மண்டையை உடைச்சுக்கறது. அந்த வேரியபிளை இமேஜ் பாக்கறது வால்யூம் காலியா இருக்கற முதல் தடவை மட்டும் தான். அப்புறம் மாத்தணும்னா டேட்டாபேஸுக்குள்ள போய் தான் மாத்தணும்.

நாலாவது: வால்யூமோட நிஜப் பேர் ஸ்டாக் பேரும் சேந்தது. ஸ்டாக் பேர் கடை, வால்யூம் டிபிடேட்டான்னா, டாக்கர்ல அது கடை_டிபிடேட்டா. ஸ்டாக்கை அழிச்சுட்டு வேற பேர்ல அதே கம்போஸை ஒட்டினா புது காலி வால்யூம் தான் வரும். பழைய டேட்டா போகல, பழைய பேர்லயே வால்யூம்ஸ் பட்டியல்ல கிடக்கும், பதறிப்போய் யூஸ்ல இல்லாத வால்யூமை எல்லாம் கிளீன் பண்ணிடாதீங்க, அப்ப தான் நிஜமா போகும்.

இதே விஷயம் இன்னொரு இடத்துல உதவும். ஏற்கனவே டெர்மினல்ல கம்போஸ் வெச்சு ஓட்டின ஆப்ஸ் போர்ட்டெய்னர்ல தெரியும், ஆனா வெளில உருவாக்கினது, கன்ட்ரோல் குறைவுன்னு எழுதியிருக்கும், கம்போஸை எடிட் பண்ண முடியாது. கொண்டுவரணும்னா முதல்ல பழைய ப்ராஜெக்ட் பேரைக் குறிச்சுக்கோங்க (சாதாரணமா ஃபோல்டர் பேர் தான்), டெர்மினல்ல டாக்கர் கம்போஸ் டவுன் குடுங்க, அப்புறம் போர்ட்டெய்னர்ல அதே பேர்ல ஸ்டாக் உருவாக்குங்க. பேர் ஒண்ணா இருந்தா பழைய பேர் வெச்ச வால்யூமையே எடுத்துக்கும். டவுனுக்குப் பின்னாடி -வி மட்டும் போட்டுடாதீங்க, அது வால்யூமையும் சேத்து அழிக்கும்.

கடைசியா ஒரு பழக்கம். ஸ்டாக்ல இருக்கற கன்டெய்னரைத் திறந்தா டூப்ளிகேட்/எடிட்னு பட்டன் இருக்கும், அவசரத்துக்கு அதுல ஒரு போர்ட்டை மாத்திடுவோம், வேலை செய்யும். ஆனா கம்போஸ்ல பழசு தான் இருக்கு, அடுத்த தடவை ஸ்டாக்கை அப்டேட் பண்ணும்போது நம்ம மாத்தினது காணாம போயிடும். மாத்தறது எதுவா இருந்தாலும் ஸ்டாக் எடிட்டர்லயே மாத்துங்க.

8. டொமைன் பேர் வேணும்னா

ப்ராக்ஸியும் கன்டெய்னரா ஓடுதுன்னா ஒண்ணு புரிஞ்சுக்கணும்: அதுக்கு 127.0.0.1னா அது தான், உங்க சர்வர் இல்ல. அதனால போர்ட்டெய்னரும் ப்ராக்ஸியும் ஒரே டாக்கர் நெட்வொர்க்ல இருக்கணும். டாக்கர் நெட்வொர்க் கிரியேட் குடுத்து ஒண்ணு உருவாக்கி, ரெண்டையும் அதுல சேருங்க. டீஃபால்ட் பிரிட்ஜ்ல பேர் சொல்லி கூப்பிட முடியாது, தனியா உருவாக்கினதுல தான் முடியும். நீங்க சேவ் பண்ண ஸ்கிரிப்ட்லயும் --நெட்வொர்க் சேத்துடுங்க, இல்லன்னா அடுத்த அப்டேட்ல அறுந்துடும்.

அப்புறம் ப்ராக்ஸில போக வேண்டிய இடம் போர்ட்டெய்னர்:9000, ஸ்கீம் ஹெச்டிடிபி. 9443க்கு அனுப்பினா ஸ்கீம் ஹெச்டிடிபிஎஸ். ரெண்டையும் மாத்திப் போட்டா 502 இல்லன்னா 400 வந்து நிக்கும்.

வெப்சாக்கெட் சப்போர்ட்டை ஆன் பண்ணுங்க. பண்ணலன்னா எல்லாம் நல்லா இருக்கும், கன்சோல் மட்டும் கறுப்பா நிக்கும். லாகின் பண்ணும்போது ஆரிஜின் இன்வேலிட்னு வந்தா, ப்ராக்ஸி உங்க டொமைன் பேரை ஹோஸ்ட் ஹெட்டர்ல சரியா கடத்தலன்னு அர்த்தம், முதல்ல அதைப் பாருங்க.

9. ரெண்டாவது சர்வர்

அங்க முழு போர்ட்டெய்னர் தேவையில்ல, ஏஜென்ட் போதும், இங்க இருக்கற போர்ட்டெய்னர் சொல்றதை அங்க செய்யற சின்ன கன்டெய்னர் அது. ஆட் என்விரான்மென்ட் போனா கமாண்டை அதுவே குடுக்கும், காப்பி பண்ணி அங்க ஓட்டணும். அது 9001ல கேக்கும். அட்ரஸ் அடிக்கும்போது ஐபி:9001 மட்டும், முன்னாடி ஹெச்டிடிபிஎஸ் எல்லாம் வேணாம்.

மூணாவது படில சொன்ன யூஎஃப்டபிள்யூ விஷயம் இங்கயும் அப்படியே பொருந்தும். 9001ஐ பிரைவேட் ஐபிலயோ வயர்கார்டு (விபிஎன்) ஐபிலயோ கட்டுங்க. ஏஜென்ட்டை ஓட்டின கையோட போர்ட்டெய்னர்ல சேத்துடுங்க, ஏன்னா முதல்ல வந்து பேசற போர்ட்டெய்னரைத் தான் அது முதலாளியா ஏத்துக்கும். போர்ட்டெய்னர் வெர்ஷனும் ஏஜென்ட் வெர்ஷனும் ஒண்ணா இருக்கட்டும், ஒண்ணை அப்டேட் பண்ணினா மத்ததையும் அன்னிக்கே பண்ணிடுங்க.

10. பேக்கப், அப்புறம் அப்டேட்

செட்டிங்ஸ்ல ஜெனரல்குள்ள பேக்கப் இருக்கு, டவுன்லோட் குடுத்தா ஒரு கம்ப்ரெஸ்டு ஃபைல் வரும். உள்ள உங்க ரகசியங்கள் இருக்கறதால பாஸ்வேர்டு போட்டு எடுங்க. இதைத் திரும்பப் போடறது புதுசா இன்ஸ்டால் பண்ண போர்ட்டெய்னரோட முதல் பக்கத்துல தான், அட்மின் உருவாக்கற அதே இடத்துல.

இது போர்ட்டெய்னரோட பேக்கப் மட்டும். உங்க போஸ்ட்கிரெஸ் டேட்டா, அப்லோட் பண்ண படம், எதுவும் இதுல கிடையாது. பேக்கப் தினமும் எடுக்கறேன்னு நம்பிட்டு டிஸ்க் போன அன்னிக்கு தான் இது தெரியவந்தா ரொம்பக் கஷ்டம். டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸோட பேக்கப் கமாண்டு பிஜி_டம்ப் தனியா ஓடணும்.

அப்டேட்டை போர்ட்டெய்னர் ஸ்க்ரீன்ல இருந்தே தன்னைத்தானே ரீகிரியேட் பண்ண வெக்காதீங்க, உக்காந்திருக்கற கிளையை வெட்டற வேலை. டெர்மினல் போங்க:

டாக்கர் புல் போர்ட்டெய்னர்/போர்ட்டெய்னர்-சிஇ:எல்டிஎஸ்
டாக்கர் ஸ்டாப் போர்ட்டெய்னர்
டாக்கர் ஆர்எம் போர்ட்டெய்னர்
அப்புறம் சேவ் பண்ண ஸ்கிரிப்ட்.

புல்லை முதல்ல வெச்சதுக்குக் காரணம், நெட் சொதப்பினாலும் பழசு ஓடிட்டே இருக்கும். ஆர்எம் கன்டெய்னரை மட்டும் தான் அழிக்கும், வால்யூமைத் தொடாது. போர்ட்டெய்னர் நிக்கற அந்த அரை நிமிஷம் உங்க மத்த ஆப்ஸ் எதுவும் நிக்காது, அதெல்லாம் டாக்கர் பொறுப்பு.

முடிச்சதும் அட்மின் உருவாக்கச் சொல்லி பக்கம் வந்தா, புதுசா உருவாக்கிடாதீங்க. நூத்துக்கு தொண்ணூறு வால்யூம் பேர்ல எழுத்துப்பிழை, அண்டர்ஸ்கோருக்கு பதில் ஹைஃபன் மாதிரி. இல்லாத பேரைக் குடுத்தா டாக்கர் கேள்வி கேக்காம புது வால்யூம் உருவாக்கிடும். டாக்கர் வால்யூம் எல்எஸ் அடிச்சா ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல தெரியும். கன்டெய்னரை அழிச்சுட்டு சரியான பேரோட ஓட்டுங்க.

டாக்கரையும் போர்ட்டெய்னரையும் ஒண்ணை விட்டு ஒண்ணை ரொம்ப தூரம் போக விடக்கூடாது. டாக்கர் 29 வந்தப்போ குறைஞ்சபட்ச ஏபிஐ வெர்ஷனை 1.44க்கு ஏத்திட்டாங்க, ஏபிடி அப்கிரேட் அடிச்சவங்க பல பேருக்கு பழைய போர்ட்டெய்னர்ல லோக்கல் என்விரான்மென்ட்டை அடைய முடியலன்னு வந்துச்சு. கன்டெய்னர் எல்லாம் நல்லாத்தான் ஓடிட்டிருந்துது, பாக்கற கண்ணாடி தான் மங்கிப்போச்சு. அந்த மாதிரி வந்தா டாக்கர் பிஎஸ் அடிச்சு உயிரோட இருக்கான்னு பாத்துட்டு போர்ட்டெய்னரை அப்டேட் பண்ணுங்க.

11. பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னா

முதல்ல டாக்கர் ஸ்டாப் போர்ட்டெய்னர். ஓடிட்டிருக்கும்போது அந்த டேட்டாபேஸ் ஃபைலை அது பூட்டி வெச்சிருக்கும், நிறுத்தாம பண்ணினா கீழ வர்ற ஹெல்பர் கன்டெய்னர் காத்துக்கிட்டே நிக்கும்.

டாக்கர் ரன் --ஆர்எம் -வி போர்ட்டெய்னர்_டேட்டா:/டேட்டா போர்ட்டெய்னர்/ஹெல்பர்-ரீசெட்-பாஸ்வேர்டு

புது பாஸ்வேர்டை ஸ்க்ரீன்ல அதுவே காட்டும், ஒரு தடவை தான், விண்டோவை மூடறதுக்கு முன்னாடி எடுத்துக்கோங்க. டாக்கர் ஸ்டார்ட் போர்ட்டெய்னர் குடுத்து உள்ள போய் உடனே மாத்திடுங்க, ஏன்னா அது உங்க டெர்மினல் ஸ்க்ரோல்ல இன்னும் கிடக்கும்.